மேரி ஜெராக்ஸில் எதுவும் தங்காது

யாரும் விரட்டவில்லை. அதை முதலில் சரியாகச் சொல்லிவிட வேண்டும். செல்வமேரி தானாகத்தான் போனாள். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் பூக்கட்டுகிறவள் தொடங்கி மாவு மில்காரர் வரை இப்போது ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். போலீசுக்குப் பயந்து ஓடிவிட்டாளாம். யாருடைய ஆதாரையோ யாருக்கோ விற்றுவிட்டாளாம். அவளா! கிறுக்கு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்ளலாம். பிடிவாதக்காரி என்று சொல்லுங்கள், அதையும் ஒத்துக்கொள்ளலாம், கொஞ்சம் கூடவே ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்தவர் காகிதத்தை விற்றாள் என்று மட்டும் அவளைச் சொல்லக்கூடாது.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற சாலையில் செந்தளிர் என்க்ளேவ் என்று ஒரு குடியிருப்பு. இருநூற்றுப் பதினாறு வீடு. அதன் முன்பக்கச் சுவரை ஒட்டி ஐந்து கடைகள், எல்லாம் அசோசியேஷனுக்குச் சொந்தம். நடுக்கடைதான் மேரி ஜெராக்ஸ். ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிக்கூட டி.சி., டாக்டர் சீட்டு, எதுவாக இருந்தாலும் ஜனங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அவள் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாள். எல்லா ஜெராக்ஸ் கடையிலும் அதோடு வேலை முடிந்துவிடும். இவள் கடையில் அப்போதுதான் ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் திரையை வந்தவர் பக்கம் திருப்புவாள். "பாத்துக்கோங்க. இது உங்க ஃபைலு. அழிச்சிட்டேன். இது ரீசைக்கிள் பின்னு. இங்கேயும் அழிச்சிட்டேன். போன்லயும் அழிச்சாச்சு. போச்சு." பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடுகிறவரையும் கூப்பிட்டு நிறுத்திப் பார்க்கவைத்துத்தான் அனுப்புவாள். "சரிம்மா, நம்பறேன்" என்று சொன்னால் கோபம் வரும். "நம்பாதீங்க. பாருங்க."

கோணலாக விழுந்த காப்பி, மை அப்பிய காப்பி, இதையெல்லாம் நான்காகக் கிழித்து மேஜைக்கு அடியில் ஒரு பச்சை வாளியில் போடுவாள். வாளியில் தண்ணீர் இருக்கும். சனிக்கிழமைக்குள் எல்லாம் கூழாகிவிடும். அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் முருங்கை மரத்துக்கு ஊற்றுவாள். அந்த மரம் நன்றாகக் காய்க்கிறது. யார் யாருடைய பிறந்த தேதியோ.

அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். ஐம்பத்திரண்டும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அவளிடம் எதைக் கேட்டாலும் மூன்று கேள்வி திரும்பி வரும். எதுக்கு? எத்தனை நாள் வெச்சிருப்பீங்க? தப்பா இருந்தா யார்கிட்ட சொல்லணும்? சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண் போன் நம்பர் கேட்டாலும் இதேதான்.

"பாயிண்ட்ஸ் ஏறும் மேடம்."

"ஏறட்டும்மா. எத்தனை நாள் வெச்சிருப்பீங்க?"

"பாயிண்ட்ஸா மேடம்?"

"என் நம்பர."

அந்தப் பெண் சூப்பர்வைசரைக் கூப்பிடும். சூப்பர்வைசர் மேனேஜரைக் கூப்பிடுவார். பின்னால் வரிசை அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் இடம் வரை போய்விடும். செல்வமேரி சத்தம் போடமாட்டாள், நகரவும் மாட்டாள். கையில் ஒரு உப்புப் பாக்கெட் இருக்கும்.

இது எங்கிருந்து வந்த பழக்கம் என்றால், இருபது வருஷத்துக்கு முன்னால் குரோம்பேட்டையில் ஒரு மாடியில் அவள் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தாள். வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்புப் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. பெயர், வயது, வருமானம், என்ன நோய், எல்லாம். பதினோராயிரம் வீடு ஏற்றினாள். ஒப்பந்தம் முடிந்தது, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்துத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் மசால் வடை வாங்கினாள். வடையைச் சுற்றியிருந்த காகிதம் அவள் ஏற்றிய பக்கம். சேலையூர்ப் பெண் ஒருத்தியின் பெயர், கதவு எண், எதிரே 'கர்ப்பப்பை எடுத்தது' என்று ஒரு வரி. எண்ணெய் பட்டதால் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்ததாம். வடையைத் தின்றாயா என்று கேட்டால், "தின்னேன். பசி. பேப்பரையும் மென்னு முழுங்கிட்டேன்" என்பாள். சிரிக்காமல்தான் சொல்வாள். அன்றிலிருந்து வடைக் கடைக்கு எவர்சில்வர் தட்டோடு போகிறாள்.

தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகள் எழுதுகிறோம், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று டெல்லியிலிருந்து அறிவிப்பு வந்தபோது, இந்த வட்டாரத்தில் அதை மதித்த ஒரே ஆள் அவள்தான். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் எழுதிக் கடை வாசலில் ஒட்டினாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். நூற்றுப் பன்னிரண்டு பேர் கருத்துச் சொன்னார்கள். 'மெஷின் தப்பாகச் சொன்னால் மனுஷன் ஒருத்தன் வந்து பார்க்க வேண்டும்' என்றார் ஒரு ஆட்டோக்காரர். 'என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஆடியதை என்னைக் கேட்காமல் விளம்பரத்தில் போட்டார்கள்' என்றாள் ஒரு தாய். எல்லாவற்றையும் தட்டச்சு செய்து பதிவுத் தபாலில் அனுப்பினாள். நகரத்திலிருந்து ஒரு உரிமை அமைப்பின் வக்கீல், கிறிஸ்டினா என்று பெயர், கேள்விப்பட்டு வந்தாள். நகலைப் புரட்டிப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு மேரிக்கா. பேரெல்லாம் எங்க?"

"எந்தப் பேரு?"

"சொன்னவங்க பேரு. அட்ரஸ், கையெழுத்து."

"அதை எதுக்குக் குடுக்கணும்? அங்க எத்தனை நாள் வெச்சிருப்பாங்களோ."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நூற்றுப் பன்னிரண்டு பேரின் கருத்து, யாருடையது என்று யாருக்கும் தெரியாமல், டெல்லியில் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது.

அடுத்த வருஷம் பொங்கல் கழிந்ததும் செந்தளிர் கேட்டில் முகம் பார்க்கிற மெஷினை வைத்தார்கள். ஏ.ஐ. என்றார்கள். வீட்டுக்காரர்கள், வேலைக்காரர்கள், கடைக்காரர்கள் எல்லோரும் முகத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். தெரிந்த முகம் என்றால் பச்சை விளக்கு எரிந்து சின்னக் கதவு தானாகத் திறக்கும். உள்ளே வரவும் அதுதான், வெளியே போகவும் அதுதான். வாட்ச்மேன் ஞானையாவிடமிருந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்கள். விளக்கு எரிகிறதா என்று பார்க்கிற வேலை மட்டும் அவருக்கு மிச்சம்.

அயர்ன் கடை, பூக்கடை, எல்லோரும் வரிசையில் நின்று முகம் கொடுத்தார்கள். செல்வமேரி மூன்று கேள்வி கேட்டாள். பதில் வரவில்லை, முகமும் கொடுக்கவில்லை. கடையின் பின்கதவு குடியிருப்புக்குள்தான் திறக்கும், குழாயும் கழிப்பறையும் உள்ளே. அந்தக் கதவுக்குக் குடியிருப்புப் பக்கத்திலிருந்து பூட்டுப் போட்டார்கள். ஆறு மாதம் சாலையைத் தாண்டி எதிரே பெட்ரோல் பங்குக்குப் போய்வந்தாள். தாம்பரம் வேளச்சேரி சாலையைத் தாண்டுவது என்றால் என்னவென்று தாண்டினவர்களுக்குத் தெரியும்.

அசோசியேஷன் செயலாளர் சிவகுமார் பொல்லாதவர் இல்லை. ரிடையர் ஆனவர், நேரம் நிறைய இருந்தது. ஒரு நாள் பான் கார்டு காப்பி எடுக்க வந்தவர் கேட்டார்.

"மேடம், மறைக்க ஒண்ணும் இல்லேன்னா என்ன பயம்? ஜஸ்ட் ஒரு ஃபோட்டோதானே?"

செல்வமேரி மெஷினிலிருந்து காகிதத்தை உருவினாள். "சார், உங்க பான் கார்டு ரெண்டு காப்பி கோணலா வந்துடுச்சு. வடைக் கடையில பேப்பர் கேட்டாங்க. குடுத்துடவா?"

அவர் சட்டென்று கையை நீட்டினார். அவள் நான்காகக் கிழித்து வாளியில் போட்டாள். அவர் குனிந்து, நனைகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

விஷயம் முற்றியது செல்லம்மாவால். செல்லம்மா அந்தக் குடியிருப்பில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்து, சமைத்து, ஒன்பது வருஷமாக வேலை செய்கிறவள். மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆனால் முடி தருவதாகத் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். நல்லபடியாக ஆனது. போய்க் கொடுத்தாள். திங்கட்கிழமை காலையில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, நான்கு வீட்டுக்கும் லட்டு எடுத்துக்கொண்டு கேட்டில் வந்து நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் பெயர் வந்தது: குப்பன். அனுமதி இல்லை.

குப்பன் என்பவர் முன்பு அங்கே பிளம்பராக இருந்தவர். வழுக்கைத் தலை. உள்ளே விடக்கூடாதவர்கள் பட்டியலில் அவர் படம் இருந்தது.

"யோவ் ஞானையா, இன்னாய்யா இது? என்னைப் போயி ஆம்பளைன்னுது!"

"எனக்குத் தெரியும்மா நீ யாருன்னு. அதுக்குத் தெரியலியே."

"ஒம்போது வருஷமா வந்துகினு கீறேன். நீயே தொறந்து வுடு."

"அது தொறந்தாத்தான் தொறக்கும். நான் தொறந்தா அதுல பதிவாயிடும், என் வேலை போயிடும்."

மேலேயிருந்து நான்கு வீட்டு அம்மாக்களும் எட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வருத்தம்தான். முடி வளரட்டும் செல்லம்மா, மூன்று மாதம்தானே என்றார்கள். லட்டை மட்டும் ஞானையா லிஃப்டில் ஏற்றி அனுப்பினார். தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து நின்று பார்த்தாள். முகம் மறைக்கப்பட்டுள்ளது என்றது. பொறுக்காமல் மாடம்பாக்கத்தில் வேறொரு குடியிருப்பில் வேலை கேட்டுப் போனாள். அங்கேயும் அதே கம்பெனி மெஷின். அங்கேயும் அவள் குப்பன்தான். ஒரு கேட்டில் தடுத்த முகத்தை எல்லாக் கேட்டுக்கும் அனுப்பிவைப்பது ஒரு வசதி என்று கம்பெனியின் விளம்பரத் தாளிலேயே போட்டிருந்தது. அதைக் காப்பி எடுத்துக் கொடுத்தவளும் செல்வமேரிதான். தாம்பரத்திலிருந்து பொத்தேரி வரை நாற்பது கேட்டு.

செல்வமேரி கம்பெனிக்குப் போன் போட்டாள். எண்பத்தேழு சதவீதம் பொருந்துகிறது என்றார்கள்.

"மீதி பதிமூணு யாரு?" என்று கேட்டாள். லைனை வேறொருவருக்கு மாற்றினார்கள். அவர் இன்னொருவருக்கு மாற்றினார். பிறகு பாட்டு வந்தது.

அசோசியேஷனுக்கும் கம்பெனிக்கும் மனு எழுத உட்கார்ந்தாள். இந்தத் தடவை பெயர் போட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "உன் பேரும் ரேகையும் இதுல இருக்கும். சரியா?" என்று செல்லம்மாவிடம் மூன்று தடவை கேட்டாள். படித்தும் காட்டினாள். இந்த முகத்தை எதற்கு வைத்திருக்கிறீர்கள், எத்தனை நாள் வைப்பீர்கள், தப்பைத் திருத்த எந்த மனிதரிடம் வர வேண்டும். கடைசியில் ஒரு வரி: குப்பன் என்பவர் என்ன குற்றம் செய்தார், யார் விசாரித்தது?

செல்லம்மாவுக்கு அந்த வரி பிடிக்கவில்லை. "எக்கா, நான் குப்பன் இல்லேன்னு எழுதுக்கா. போதும். அந்தாளுக்கும் நமக்கும் இன்னா?"

"நீ குப்பன் இல்ல. அது தெரிஞ்ச விஷயம். குப்பன் மேல என்ன தப்பு?"

"எனக்கின்னா தெரியும்? எதுனா இருக்கும்."

"உன்னைப் பத்தியும் மாடம்பாக்கத்துல அதைத்தான் சொல்றாங்க. எதுனா இருக்கும்னு."

செல்லம்மா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "அந்தாளு சம்ப்பு கழுவி ஒரு வருஷம் ஆச்சுன்னு எல்லா வூட்லயும் போயி சொன்னாரு. அதான்" என்றாள். சம்ப்பு என்றால் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி. அசோசியேஷன் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'ஒழுங்கீனம்' என்று எழுதியிருந்தது. மனுவில் அந்த வரி அப்படியே இருந்தது. செல்லம்மா ரேகை வைத்தாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

சிவகுமார் மனுவை இரண்டு தடவை படித்தார். "மேடம், சட்டம் வந்துடுச்சு, இல்லேங்கல. நீங்க கேக்கற செக்ஷன் இன்னும் அமலுக்கு வரல. இந்த ஏ.ஐ.க்குன்னு தனியா சட்டமே கிடையாது. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?" நல்லவர்தான், ஒரு வழியும் வைத்திருந்தார். கமிட்டி பேசி முடித்த வழி. ஐந்து கடையில் நான்கு பதிந்தாயிற்று. செல்வமேரியும் வந்து முகத்தைப் பதிந்துவிட்டால், அன்றைக்கே கம்பெனி ஆளை வரவழைத்து செல்லம்மாவின் பெயரைச் சரிசெய்துவிடலாம்.

இதைச் செல்லம்மாவிடம் யார் சொன்னார்கள் என்று தெரியாது. மறுநாள் கடை வாசலில் நின்றாள். தலையில் அரை விரல் முடி வந்திருந்தது.

"எக்கா, ஒரே நிமிசம். மூஞ்சியக் காட்டிட்டு வந்துடேன். நான் தெனம் காட்டல? என் மூஞ்சியோட உன் மூஞ்சி ஒசத்தியா?"

செல்வமேரிக்குத் தன் மூன்று கேள்வியில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போய்ப் பூசை முடிந்தும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

திங்கட்கிழமை சிவகுமாரிடம் போனாள். அந்த நடுக்கடையை ஒரு பானிபூரி சாட் கடைக்காரர் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். "கடைக்காரங்கதானே சார் மூஞ்சி குடுக்கணும்? நான் கடையை விட்டுடறேன். ரெண்டு பேரையும் அந்தப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க. செல்லம்மாவையும், குப்பனையும். எல்லாக் கேட்லேர்ந்தும்."

"மேடம், பதினஞ்சு வருஷம் இருந்திருக்கீங்க. ஒரு ஃபோட்டோவுக்காகவா?"

"ரெண்டு பேருக்கு சார்."

"அப்போ அந்த மனு?"

"அது கம்பெனிக்கும் தபால்ல போயாச்சு சார். என் கையில இல்ல."

புதன்கிழமை அவள் கடையைக் காலி செய்தாள். ஜெராக்ஸ் மெஷின் காலையிலேயே குட்டி யானை வண்டியில் ஏறிப் போய்விட்டது. கம்ப்யூட்டரைத் துடைத்து வெறுமையாக்கினாள். வாளி மட்டும் மிச்சம். சிவகுமார் பின்கதவுப் பூட்டை அவரே வந்து திறந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவள், கையில் வாளியோடு அசோசியேஷன் அறையில் போய் நின்றாள். கம்பெனியிலிருந்து ஜெபின் என்ற இன்ஜினியர் வந்திருந்தார்.

"முடிச்சிட்டேன் மேடம்."

"திரையை இந்தப் பக்கம் திருப்புங்க."

அவர் சிவகுமாரைப் பார்த்தார். சிவகுமார், "திருப்புங்க தம்பி, அவங்க விடமாட்டாங்க" என்றார். தடைப் பட்டியலில் செல்லம்மாவின் படம் வந்தது, போனது. குப்பனின் படம் வந்தது. தண்ணீர்க் குழாயை யாரோ மூடச் சொன்ன மாதிரி படத்தில் அவர் திகைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போனார். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று இங்கிலீஷில் கேட்டது. மெஷின் ஜெபினைத்தான் கேட்டது. செல்வமேரி "ஆமா" என்று சத்தமாகச் சொன்னாள்.

"ரீசைக்கிள் பின்னு?"

"இதுல அப்படி இல்ல மேடம். ஆர்கைவ்னு ஒண்ணு, பழசெல்லாம் அதுல..."

"அதுல."

அதற்கு அவர் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. நாற்பது நிமிஷம் ஆனது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. குப்பன் இப்போது திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். பட்டியலில் இருந்ததும் அவருக்குத் தெரியாது, எடுத்ததும் தெரியாது.

வேலை முடிந்ததும் கடைச்சாவியை மேஜையில் வைத்தாள். வைத்த பிறகுதான் ஒன்று புரிந்தது. கடையும் பூட்டியாயிற்று, சாவியும் போயிற்று. இனி வெளியே போக முன்கேட்டு ஒன்றுதான்.

கேட்டுக்கு வந்து நின்றாள். மெஷின் அவளைப் பார்த்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. முகம் பதிவில் இல்லை என்றது. அவள் நகரவில்லை. இன்னொரு தடவை அதையே சொன்னது. வெளியே, மெஷின் இந்தத் தடவை தன்னை என்னவென்று சொல்லும் எனப் பார்க்கச் செல்லம்மா நின்றுகொண்டிருந்தாள்.

ஞானையா நாற்காலியிலிருந்து எழுந்தார். கேட்டைத் திறக்க என்று அவர் எழுந்து மாதக்கணக்காகியிருந்தது, முழங்கால் சத்தம் கேட்டது. சுவரில் ஆணியில் தொங்கிய பழைய சாவியை எடுத்துப் பெரிய கேட்டின் பூட்டைக் கையால் திறந்து, ஒரு ஆள் போகிற அளவுக்குத் தள்ளினார்.

"மெஷின்ல பதிவாயிடுமே" என்றாள்.

"ஆகட்டும். மேரிக்கா, இனிமே எங்க இருப்ப?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? சும்மாதான். இந்தப் பக்கம் வரலேன்னா ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போலாம்னு."

அவள் அவரைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். "எழுதிக்க பேப்பர் இருக்கா?"

"நோட்டைத்தான் எடுத்துக்கினாங்களே."

"கையக் காட்டு."

அவர் உள்ளங்கையை நீட்டினார். செல்வமேரி இடுப்பில் செருகியிருந்த பேனாவை எடுத்து, தெருப் பெயர், கதவு எண், அதற்குக் கீழே தன் போன் நம்பர் பத்து எண்ணையும் நிறுத்தி நிறுத்தி எழுதினாள். காயும்வரை ஊதினாள்.

"எத்தனை நாள் வெச்சிருப்ப?"

"சாயங்காலம் குளிக்கிற வரைக்கும்."

அவள் தலையை ஆட்டிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு, அவர் திறந்த இடைவெளி வழியாக வெளியே போனாள்.